பென்சிலைத் தூக்காமல் ஓர் ஊர்வலம்

மாரியம்மன் துணை

காட்டுப்பாளையம், பல்லடம் வழி
தாது வருஷம், பங்குனி மாதக் கடைசி

உடுமலைப்பேட்டை தென்னந்தோப்பு மச்சான் தம்பிதுரை அவர்கள் சமூகத்துக்கு, காட்டுப்பாளையம் கந்தப்பன் கும்பிட்டு எழுதிக்கொள்வது.

இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று தொடங்குவதுதான் முறை. யாவரும் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. வீட்டில் இருப்பது நான் ஒருவன்தான். நானும் காளைகள் இரண்டும் க்ஷேமம். எருமை அங்கப்பன் வீட்டில் க்ஷேமம். அவ்விடம் தாங்கள், தங்கள் வீட்டம்மாள், குழந்தைகள், தோப்பு, கிணற்றுத் தண்ணீர், மற்றும் அங்கே வந்திருக்கிற தங்கள் அக்கா ஆகியோரின் க்ஷேமத்துக்கு விவரமாக எழுதவும். கடைசியில் சொன்னவரைப் பற்றி இரண்டு வரி கூடுதலாக எழுதினாலும் தவறில்லை.

தங்கள் அக்கா நஞ்சம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆகையால் இந்தக் கடிதத்தை நீங்கள்தான் அவளுக்கு வாசித்துக் காட்டப் போகிறீர்கள். எல்லாவற்றையும் வாசித்துவிட வேண்டாம் மச்சான். எங்கே உரக்க வாசிக்க வேண்டும், எங்கே மனசுக்குள் வாசித்துக்கொண்டு இருமிவிட வேண்டும் என்று அங்கங்கே குறித்திருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்கவும். என் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, யாரும் கவலைப்பட வேண்டாம் என்று இந்த இடத்தில் உரக்க வாசிக்கவும். அவள் கவலைப்படுகிற மாதிரி தெரியாவிட்டால் சற்று நிறுத்தி, அதே வரியைக் கொஞ்சம் இளைத்த குரலில் இன்னொரு முறை வாசிக்கவும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் உக்கடத்து மைதீன் பிச்சை. மாசி மாதம் பருத்தி வண்டியோடு கோயமுத்தூர் போனேன் அல்லவா, அப்போது வந்த வினை. அவர் பென்சில், காகிதம், மைக்கூடு விற்கிற மனிதர். கடைப் பலகையில் சாக்கட்டியால் ஒரு படம் போட்டு வைத்திருந்தார். சதுரமாக ஒரு பெட்டி, உள்ளே மூலைக்கு மூலை இரண்டு குறுக்குக் கோடு, மேலே வீட்டுக்குப் போடுகிற மாதிரி ஒரு கூரை. பென்சிலைக் காகிதத்திலிருந்து தூக்கக்கூடாது, போட்ட கோட்டின் மேல் மறுபடி போகக்கூடாது, அப்படி இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினால் ஒரு பென்சில் இனாம். நான் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டுப் போட்டுவிட்டேன். கடையில் நின்றவர்களெல்லாம் பார்த்தார்கள். அந்த மனிதர் இனாம் பென்சிலை என் கையில் கொடுத்தார், தோள் துண்டால் பலகையில் இருந்த கூரையை மட்டும் துடைத்தார். "கூரைய எடுத்துட்டேனுங்க. ரெண்டு கோடு கொறஞ்சு போச்சு, இனிச் சுளுவுதான். இதைப் போடுங்க பாக்கலாம்" என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவன்தான் மச்சான். பொழுது சாயும் வரைக்கும் போட்டுப் பார்த்து, ஒரு கட்டுப் பென்சிலும் விலைக்கு வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

கூரை இருந்தபோது வந்த படம் கூரை போன பிறகு வரமாட்டேன் என்றால் மனுஷனுக்கு எப்படி இருக்கும். காலண்டர் பின்பக்கம் போட்டேன். சோளம் கொட்டி வைக்கிற குதிர் மேலே கரியால் போட்டேன். கோயிலில் கண்ணை மூடிக் கும்பிடும்போது விரலால் தொடையில் போட்டேன். ஒரு நாள் காட்டில் ஏர் பிடித்தவன், கலப்பையைத் தூக்காமல் உழுதால் ஒருவேளை பிடிபடுமோ என்று பெட்டிப் படத்தை மண்ணில் உழுது பார்த்தேன். மூன்றாவது மூலையில் காளைகள் இரண்டும் நின்றுகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தன. அதுகளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. (இந்தப் பத்தியை மனசுக்குள் வாசிக்கவும். குதிர் மேலே கரி என்பது அவளுக்குத் தெரியும். காடு விஷயம் தெரியாது.)

இப்படி இருந்த நாட்களில் நஞ்சம்மாள் என்னிடம் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். தை மாதம் நம் செல்லாத்தாளைக் கட்டிக் கொடுத்து அனுப்பியதிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தானே. இருபது வருஷம் மகளிடம் பேசியதை எல்லாம் இனி என்னிடம்தான் பேசியாக வேண்டும் அவளுக்கு. நானோ பேசினால் கை நடுங்கும், கை நடுங்கினால் கோடு தப்பும் என்று வாயைத் திறக்காமல் எல்லாவற்றுக்கும் 'ம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த 'ம்' என்னென்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அவள் புறப்பட்ட அன்றைக்கும் நான் வீட்டில்தான் இருந்தேன். பக்கத்தில் வந்து நின்று ஏதோ கேட்டாள், 'ம்' என்றேன். இன்னும் ஏதோ கேட்டாள், அதற்கும் 'ம்'. பசி எடுத்து எழுந்து போய்ப் பார்த்தால் அடுப்பு ஆறிக் கிடக்கிறது, சோறும் குழம்பும் மூடி வைத்திருக்கிறது, ஆளைக் காணோம். பக்கத்து வீட்டுக் கருப்பாத்தாளிடம் போய்க் கேட்டேன். "அக்கா உங்ககிட்டக் கேட்டுட்டுத்தானுங்களே பொறப்பட்டாங்க. போயிட்டு வரட்டுமான்னாங்களாம், நீங்க 'ம்'ன்னீங்களாம். உடுமலை பஸ்ஸுக்குப் போயாச்சுங்க" என்றாள்.

ஆகவே மச்சான், அவள் கோபித்துக்கொண்டு வரவில்லை. புருஷன் உத்தரவு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அவ்விடத்தில் ஒறம்பரை, சொந்தபந்தம் யாராவது வேறு மாதிரி பேசினால் இந்த வரியை எடுத்துக் காட்டவும். இதை உரக்க வாசிக்கவும். உத்தரவோடு போனவள் ஊர் நோம்பித் திருவிழாவுக்குக்கூட ஏன் திரும்பவில்லை என்று நான் கேட்டதாக மட்டும் வாசிக்க வேண்டாம்.

அவள் போன பிறகுதான் நான் சொன்ன 'ம்' ஒவ்வொன்றும் கையும் காலும் முளைத்து வாசலுக்கு வர ஆரம்பித்தது. முதலில் அங்கப்பன் வந்தார். அவர்தான் இந்த வருஷம் மாரியம்மன் நோம்பிக்குப் பொறுப்பு. அவர் மகள் பிள்ளை பெற்று வந்திருக்கிறாளாம், வீட்டில் பால் போதவில்லையாம், கொஞ்ச நாளைக்கு நம் எருமையைக் கொடுக்கலாமா என்று நஞ்சம்மாள் என்னிடம் கேட்டாளாம், நான் 'ம்' என்றேனாம். எருமையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். எருமையும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றையிலிருந்து மோரும் இல்லை, காப்பிக்குப் பாலும் இல்லை. மறுநாள் காலையில் கூரை வேய்கிற ஆட்கள் இரண்டு பேர் வந்து ஏணியைச் சாத்தி அடுப்படி ஓலையைப் பிரிக்கத் தொடங்கினார்கள். என்ன அக்கிரமம் இது என்று கேட்டால், அடுப்படிக்கு ஓலையை எடுத்துவிட்டு ஓடு போட்டுவிடலாமா என்று அம்மணி கேட்டார்கள், நீங்கள் சரி என்றீர்கள், நோம்பி முடிந்ததும் ஓடு வரும் என்கிறார்கள். இப்போது நான் களி கிண்டினால் மேலே வானம் தெரிகிறது. அப்பளம் சுட்டால் காக்கைக்குப் பாதி. களியும் நான் கிண்டினால் கட்டி விழுகிறது. காளைக்கு வைத்தேன், அதுவும் யோசித்துத்தான் தின்றது. (சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று மேலே உரக்க வாசித்துவிட்டீர்கள் அல்லவா, ஆகையால் இதை வாசிக்க வேண்டாம். தற்செயலாக வாயில் வந்துவிட்டால் வந்துவிட்டதுதான்.)

மூன்றாவது 'ம்' தான் என்னை ஊர் நடுவில் நிறுத்தியது. அதைச் சொல்ல எங்கள் ஊர்த் தெருக்களைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்த ஊர்தான், இருந்தாலும் இப்போது மாறிவிட்டது. ஊர் சதுரம். நாலு பக்கமும் நாலு தெரு. தென்மேற்கு மூலையில் கோயில், வடகிழக்கு மூலையில் கிணறு. கோயில் மூலையிலிருந்து கிணற்று மூலைக்குக் குறுக்காக ஒரு தெரு. நோம்பியன்று ஆத்தாளின் சப்பரம் கோயிலில் புறப்பட்டால் எல்லாத் தெருவுக்கும் போய்க் கிணற்றில் முடிய வேண்டும். நடுவில் கீழே இறக்கி வைக்கக்கூடாது. ஒரு தெருவில் ஒரு முறைதான் வர வேண்டும். வந்த தெருவில் ஆத்தா மறுபடி வந்தால் அந்தத் தெருவில் யாரிடமோ என்னமோ கேட்க வருகிறாள் என்று அர்த்தம், அது ஊருக்கு ஆகாது. இதுவரை ஒரு தொல்லையும் இல்லை, தூக்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போய் வந்தார்கள். போன வருஷம் பைக்காராக் கரண்டுக்குக் கம்பம் நட்டவர்கள் மற்ற இரண்டு மூலைக்கும் நடுவே ஊரைக் குறுக்கே பிளந்து வழி எடுத்தார்கள் அல்லவா, அதன் இரு பக்கமும் வீடு எழும்பி அது ஒரு தெருவாகிவிட்டது. அந்தப் புதுத் தெருவில்தான் நாங்கள் வீடு கட்டி வந்தோம். கட்டச் சொன்னது நஞ்சம்மாள். தோட்டத்துச் சாளைக் குடிசையில் இருந்த காலமெல்லாம் நோம்பி என்றால் அவளுக்குத் தூரத்துக் கொட்டுச் சத்தம்தான். இந்த வருஷம் ஆத்தா என் வாசலுக்கே வருவாள் என்று கார்த்திகையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் புதுத் தெருவையும் சேர்த்துப் போகிற வழியை யார் கண்டுபிடிப்பது என்று அங்கப்பன் தவித்தபோது, ராத்திரி பகல் கோடு போடுகிற ஆள் எங்கள் வீட்டில் இருக்கிறார் என்று நஞ்சம்மாளே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். நானும் 'ம்' என்றிருக்கிறேன். நோம்பிக்கு முந்தின வாரம் அங்கப்பன் வந்து வழி தயாரா என்றார். ஒரு காகிதத்தில் தெருக்களைப் போட்டேன். நாலு பக்கம், மூலைக்கு மூலை இரண்டு குறுக்குக் கோடு. போட்டு முடித்ததும் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன் மச்சான். கூரையில்லாத பெட்டி. மைதீன் பிச்சையின் கடைப் பலகையில் இருந்த அதே படம். எங்கள் ஊரே அப்படி ஆகியிருக்கிறது, நான் அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு காலண்டர் பின்பக்கம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெட்கத்தை விட்டுக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினேன். மைதீன் பிச்சை என்னைப் பார்த்ததும் பென்சில் கட்டை எடுத்து வைத்தார். பென்சில் வேண்டாம், விடை வேண்டும் என்றேன். அது ஆகாத படம் என்றார் சாவதானமாக. ஒரு மூலையில் மூன்று கோடு சேர்ந்தால், உள்ளே வந்து, வெளியே போய், மறுபடி உள்ளே வந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அப்படிப்பட்ட மூலை இரண்டு இருந்தால் ஒன்றில் புறப்பட்டு மற்றதில் முடித்துக்கொள்ளலாம், இதில் நாலு மூலையும் அப்படி, ஆண்டவன் வந்தாலும் நடக்காது என்று சொல்லிக் கொடுத்தார். பிறகு ஏன் ஐயா என்னிடம் இதைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "கூரை வெச்ச படத்தப் போட்டவரு ஒரு இனாம் பென்சிலோட போயிருவாருங்க. இதப் போடறவரு வருஷம் பூராவும் வாங்குவாரு. யாவாரம்னா ரெண்டும் வேணுமுங்களே" என்றார். கோபப்பட முடியாதபடி டீயும் வாங்கிக் கொடுத்தார். வீட்டில் அம்மணி சௌக்கியமா என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

படம் ஆகாது என்று ஊரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகும் என்று ஏற்றுக்கொண்ட ஆள் நான். தவிர இது தாது வருஷம். போன தாது வருஷத்துப் பஞ்சத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அறுபது வருஷம் கழித்து அதே பெயர் திரும்பி வந்ததிலிருந்து எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். சித்திரை பிறந்து ஈசுவர வருஷம் வருவதற்குள் நோம்பியில் ஒரு பிசகு நடந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். யோசித்துப் பார்த்தேன். புதுத் தெருவை மட்டும் விட்டுவிட்டால் பழைய வழி அப்படியே சரியாக வருகிறது. அது என் சொந்தத் தெரு, ஆகையால் ஒருவரும் பட்சபாதம் என்று சொல்ல முடியாது. என் வீட்டில் வாசல் தெளிக்கவும் ஆளில்லை. அவள் கார்த்திகையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு நினைவு இருந்தது மச்சான். நினைவு இருந்ததால்தான் விட்டேனோ என்னவோ. அவள் இல்லாத வாசலில் ஆத்தாளை வைத்துக்கொண்டு நான் எப்படி நிற்பது. (இதை வாசிக்கலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் உசிதம்.)

நோம்பியன்று நான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னால் பூசாரி நஞ்சுண்டன், கொட்டு, சப்பரம், ஊர். முதல் தெரு முடிந்து புதுத் தெரு வாயில் வந்தது. அதை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துத் தெருவுக்குப் போங்கள் என்று கை காட்டினேன். அந்த வாயிலில் தெரு நடுவே கருப்பாத்தாள் நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் மஞ்சள் தண்ணீர்க் குடம், கையில் மாவிளக்குத் தட்டு. அந்தத் தெருவில் அவள் குடியிருக்கிறாள் என்பதை நான் எப்படி மறந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. எங்கள் தெரு மனுஷங்க குடியிருக்கிற தெரு இல்லையா என்று கேட்டாள். நான் காகிதத்தைக் காட்டி என்னென்னவோ சொன்னேன், மூன்று கோடு, மாட்டிக்கொள்ளும் மூலை என்றெல்லாம். அவள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "இது என் வெளக்கு இல்லீங்ண்ணா. நஞ்சக்கா மாவும் வெல்லமும் எடுத்துக் குடுத்து, நான் ஒருவேளை வர முடியாமப் போனா என் வாசல்ல நீ ஏத்தி வெய்யுன்னு சொல்லீட்டுப் போயிருக்காங்க. நாளைக்கு அவங்க வந்து கேட்டா நான் என்னன்னு சொல்லட்டுங்க?" என்றாள்.

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புதுத் தெருவில் திரும்பச் சொன்னேன். நம் வீட்டு வாசலில், பூட்டிய கதவுக்கு முன்னால், நஞ்சம்மாள் பேரில் விளக்கு எரிந்தது. ஆத்தா நின்று பார்த்துவிட்டுப் போனாள். மற்றத் தெருக்களும் ஒவ்வொன்றாக முடிந்தன. எல்லோருக்கும் சந்தோஷம், நான் ஒருவன்தான் வேர்த்துக்கொண்டே வந்தேன், முன்னால் இருப்பது எனக்குத் தெரியுமே. வந்தது. ஒரே ஒரு தெரு மிச்சம், கீழ்த்தெரு. அது ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சப்பரம் இந்தப் பக்கம் மறுபடி புதுத் தெரு வாயிலில் நிற்கிறது. நடந்த தெருவில் மறுபடி நடக்காமல் அங்கே போக வழியில்லை. இறக்கி வைக்கவும் கூடாது. தூக்கியவர்களுக்குத் தோள் கடுக்கிறது, ஒருவர் மாற்றி ஒருவர் என்னைப் பார்க்கிறார்கள். காகிதத்தில் பென்சில் மாட்டிக்கொண்டால் வேறு காகிதம் எடுக்கலாம். ஆத்தாளைத் தோளில் வைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று மைதீன் பிச்சையிடம் நான் கேட்கவில்லை.

கடைசியில், ஆனது ஆகட்டும், பழி வருவதானால் என் தெருவோடு வரட்டும் என்று புதுத் தெருவிலேயே மறுபடி போகச் சொன்னேன். கொட்டு தானாக நின்றுவிட்டது. தூக்கியவர்கள் நம் வீட்டு வாசலுக்கு வந்ததும் முடியாமல் நின்றுவிட்டார்கள். வேறெங்கும் நிற்கவில்லை மச்சான், நம் வாசலில். பூசாரி என்னைப் பார்த்து, வந்த தெருவில் ஆத்தா திரும்பி வந்திருக்கிறாள், உங்கள் வாசலில் நிற்கிறாள், உங்களிடம் என்னமோ கேட்கிறாள் என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, எருமையைக் கொடுத்தாயிற்று, இனி என்ன கேட்பாள் என்று நின்றேன். கருப்பாத்தாள்தான் சொன்னாள்.

"வேற என்னத்தக் கேப்பாளுங்க. இந்த ஊட்டு அம்மணி எங்கடான்னு கேக்கறா."

ஊரே என்னைப் பார்த்தது. பதில் சொல்லியாக வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியுமா. எட்டாம் நாள் மறுபூசைக்குள் வந்துவிடுவாள் ஆத்தா என்று சொல்லிவிட்டேன். கை கூப்பியிருந்தேன், சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். பிறகுதான் கொட்டு முழங்கியது. ஊருக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. மாறாக, புதுத் தெருக்காரர்களுக்கு மட்டும் ஆத்தா இரண்டு முறை வந்தாள், அடுத்த வருஷம் எங்கள் தெருவில் இரண்டு முறை வர வேண்டும் என்று கீழ்த்தெருவும் மேலத்தெருவும் இப்போதே அங்கப்பனிடம் சண்டைக்கு நிற்கின்றன. வழி போட்டுக் கொடுக்க மறுபடியும் நான்தானாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொழுதோடு கருப்பாத்தாள் மாவிளக்கு மாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். நஞ்சம்மாளுக்கு அந்தப் பென்சிலைக் கண்டாலே ஆகாது, அதனால்தான் போய்விட்டாள் என்று நான் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அப்பிடி யாருங்க சொன்னது? போற அன்னைக்கு ஊருக்குப் போகட்டுமான்னு கேக்கறதுக்கு முந்தி அக்கா இன்னொண்ணு கேட்டாங்களாம். நான் பென்சிலப் புடிச்சதே இல்லீங்க, ஒருதடவை என்ற கையில குடுத்து நீங்க புடிச்சுக்கிட்டுப் போட்டுக் காட்டறீங்களான்னு. நீங்க 'ம்'ன்னீங்களாம். அக்கா கைய நீட்டிட்டு சித்தெ நேரம் உக்காந்திருந்தாங்களாம்" என்றாள்.

அவள் போன பிறகு நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன் மச்சான். வெட்கமாக இல்லை. கை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்காமல் நான் ஆகாத ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று என்னிடம் கேட்டவை கொஞ்சம்தான். இந்த இடத்தை உரக்கவும் வாசிக்க வேண்டாம், மனசுக்குள்ளும் வைத்துக்கொள்ள வேண்டாம். எப்படிச் சொன்னால் அவளுக்கு நோகாதோ அப்படிச் சொல்லவும்.

இப்போது நான் வேண்டுவது இதுதான். எட்டாம் நாள் மறுபூசை வருகிற வெள்ளிக்கிழமை. அதற்குள் தாங்களே அக்காவை அழைத்துக்கொண்டு வந்து விட வேண்டியது. நான் வந்து கூப்பிடலாம்தான். ஆனால் கட்டினவள் பின்னால் உடுமலைக்கு ஓடினான் கந்தப்பன் என்று அங்கப்பன் நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பார். மேலும் ஓடு வருகிற நேரம், காளைகளைப் பார்க்கவும் ஆளில்லை. ஒரு குடும்பஸ்தனுக்குக் கௌரவம் என்று ஒன்று இருக்கிறது, அது தங்களுக்குத் தெரியாததில்லை. ஆகையால் வரச் சொன்னதாக வாசிக்க வேண்டாம். வந்தால் ஒன்றும் ஆட்சேபம் இல்லை என்று சொன்னதாக வாசிக்கவும்.

தங்கள் வீட்டம்மாளுக்கு என் விசாரிப்பு. குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். ஆத்தா கண் திறந்து பார்க்க, தோப்பு காய்த்துக் குலுங்க, எல்லோரும் நோய் நொடியில்லாமல் இருக்கவும். அக்காவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, ஆகவே அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்
கந்தப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் வாசிக்க வேண்டாம் மச்சான். கிழித்துப் போட்டுவிடவும். தபால் பெட்டியில் போடத்தான் பல்லடம் வந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் உடுமலை பஸ் நின்றுகொண்டிருந்தது. கடிதம் நாளை மறுநாள் போய்ச் சேரும், அதுவரைக்கும் அவள் என்ன நினைத்துக்கொண்டு இருப்பாள் என்று தோன்றியது, ஏறிவிட்டேன். காளைகளைக் கருப்பாத்தாளிடம் சொல்லிவிட்டு வந்தேனா என்பதுகூட நினைவில்லை. அங்கப்பன் பஸ் ஸ்டாண்டில்தான் நின்றார், பார்த்தார், சிரித்துக்கொள்ளட்டும். இதைப் பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும். எழுதுவது பழைய துண்டுப் பென்சில்; புதிதாக ஒன்று சீவாமல் பையில் இருக்கிறது, அது அவளுக்கு. இந்தக் கடிதத்தைத் தங்கள் கையில் கொடுக்கிறபோது நான் தங்கள் வாசலில் நின்றுகொண்டிருப்பேன். வாங்கிக்கொண்டு உள்ளே போய் அக்காவிடம் ஒன்றே ஒன்று மட்டும் கேட்டு வாருங்கள்: அவர் வந்திருக்கிறார், உள்ளே வரட்டுமா என்று. அவளாக வாய் திறந்து சொல்லும் வரைக்கும் நான் வெளியிலேயே நிற்கிறேன், திரும்புகிற பஸ் போனால் போகட்டும்.